பத்தில் ஒன்று

ஜீப்பின் முன்சீட்டில் உபதேசியார் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் ஒரு மஞ்சள் துணிப்பை, பைக்குள் வெள்ளை உறைகள். எப்போதும் பெண்களுக்கு இடம் விட்டுவிட்டுப் பின்படியில் தொற்றிக்கொண்டு வருகிறவர், அன்று மட்டும் நான் சொல்லாமலே முன்னால் வந்து ஏறினார். போடியிலிருந்து அடிவாரத்து முந்தல் தாண்டி மலை ஏறினோம். வளைவுகளில் வண்டி சாயும்போதெல்லாம் பையை இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டார். நிறைய முட்டை கொண்டுபோகிறவர்கள் அப்படித்தான் பிடிப்பார்கள்.

உறைகளில் இருந்தது பணம். மலைமேல் அவருடைய சிறிய சபையைச் சேர்ந்தவர்கள் கடவுளுக்கென்று வைத்த காணிக்கை. அதை வீடு வீடாகப் போய்த் திருப்பிக் கொடுக்கச் சொல்லி அவருக்கு உத்தரவாகியிருந்தது. ஒரு வீட்டார் உறையை வாங்க மறுத்தாலும் அவருடைய வேலை போய்விடும். நான் பல ஊர்களில் பல வண்டி ஓட்டியிருக்கிறேன். பிணம் ஏற்றியிருக்கிறேன், கல்யாணப் பெண்ணை ஏற்றியிருக்கிறேன். அந்தப் பை ஏறிய நாள்தான் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

எனக்குச் சொந்த ஊர் ராசிங்காபுரம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். அதற்காகப் பள்ளிக்கூடமும் வருத்தப்படவில்லை. அப்பாவின் வயலில் நிற்கப் பிடிக்காமல் லாரியில் கிளீனராகப் போனேன். ஆந்திராவில் போர்வெல் போடும் வண்டி, கொச்சியில் ஓட்டல், திருப்பூரில் சாயப்பட்டறை என்று சுற்றினேன். எங்கேயும் நிலைத்து நின்றதில்லை. பசித்தால் தண்ணீர் குடிப்பேன், காய்ச்சல் வந்தால் படுத்துக் கிடப்பேன், எழுந்ததும் அடுத்த ஊருக்குப் பஸ் பிடிப்பேன். அப்படி ஒரு தடவை ஊருக்குத் திரும்பியபோது போடியில் ஜீப்பு ஓட்ட ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்களைக் காலையில் மலைக்கு ஏற்றிப்போய்ச் சாயங்காலம் கொண்டுவந்து இறக்கிவிடுகிற சோலி. ஒத்துக்கொண்டேன்.

அந்த வழியில் பழக்கமானவர்தான் உபதேசியார். தேவாரம் ஊர்ப் பக்கத்துக்காரர். பாஸ்டர் மாதத்துக்கு ஒரு தடவை போடியிலிருந்து வந்து போவார். மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை நடத்துவது, படுக்கையில் கிடப்பவர்களைப் பார்ப்பது, பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பது எல்லாம் உபதேசியார் பொறுப்பு. மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை. சபை கொடுத்த ஒற்றை அறையில் இருந்தார். நான் வேதக்காரன் இல்லை. சபைக்கு வா என்று அவர் ஒருநாளும் என்னைக் கூப்பிட்டதும் இல்லை. ஆனால் கேலி செய்வார். வளைவுக்கு வளைவு நான் ஒரு சாமி பெயரைச் சொல்வதைக் கேட்டுவிட்டு, "ஏன் டிரைவரே, ஆளுக்கு ஒரு வளைவாப் பிரிச்சுக் குடுத்திருக்கீங்களாக்கும்? ஒருத்தர் லீவு போட்டுட்டா நம்ம கதி என்னாகுறது?" என்பார். பின்னால் பெண்கள் எல்லாம் சிரிப்பார்கள்.

அவர்கள் கோயில் என்பது தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு மேலே, தகரக் கூரை போட்ட ஒரு நீளக் கொட்டகை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கேதான் அது நடந்தது. பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்த ஒருவனை அவன் மனைவி, அடி தாங்காமல், விட்டுவிட்டுத் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். அவளைத் தேடி வந்தான். கையில் செடி கழிக்கும் கவாத்துக் கத்தி. ஏலத்தோட்டத்தில் ஆண்பிள்ளை கத்தியோடு நடந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. உள்ளே ஜெபம் நடந்துகொண்டிருந்தது. எல்லாரும் தலையைக் குனிந்து கண்ணை மூடியிருந்தார்கள். அவன் நுழைந்ததை யாரும் பார்க்கவில்லை. மனைவியை வெட்டினான், குறுக்கே விழுந்த அவள் தகப்பனை வெட்டினான், தடுக்க வந்தவர்களையும் வெட்டினான். ஓடிவந்து அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்தவன், காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்திருந்த ஒரு பையன். இருபது வயதுகூட இருக்காது. அவன் பிடித்த பிடியால்தான் மற்றவர்கள் தப்பித்தார்கள். அவன் தப்பிக்கவில்லை.

நான் அன்று கீழே இருந்தேன். போன் வந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். மற்றவர்களைத் தோட்டத்து ஜீப்புகளில் ஏற்றினார்கள், அந்தப் பையனை என் வண்டியில் ஏற்றிப் போடி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். உபதேசியார் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தார். முந்தலுக்கு வரும்போதே எல்லாம் முடிந்துவிட்டது. "டிரைவரே, இனி மெதுவாவே போகலாம்" என்று சொன்னார். சீட்டின் தையலுக்குள் இறங்கிய ரத்தம் எவ்வளவு கழுவியும் போகவில்லை. கடைசியில் சீட்டையே மாற்றினோம்.

பிறகு உதவிகள் வர ஆரம்பித்தன. நகரத்துச் சபைகள், ஏலக்காய் வியாபாரிகள், தோட்ட முதலாளிகள், வெளிநாட்டில் இருக்கிற யார் யாரோ அனுப்பினார்கள். முதலில் சாமான்கள். அரிசி வந்தது, கம்பளி வந்தது, இரண்டும் உதவின. ஜரிகை போட்ட சேலைகளும் வந்தன. அவற்றை எங்கே உடுத்திக்கொண்டு போவது என்று தெரியாமல் பெட்டிக்குள் வைத்தார்கள். அடுத்து நிவாரண நிதி என்று ஒன்று ஏற்பட்டது. அதற்கு ஒரு கமிட்டி. தலைவராக ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருந்தார். கறாரானவர், நல்லவர். காயம்பட்டவர்கள் வீட்டுக்கும், செத்தவர்கள் வீட்டுக்கும் தனித்தனியாகச் செக்கு. போடியில் ஒரு மண்டபத்தில் கொடுத்தார்கள். எல்லாரையும் நான்தான் ஏற்றிக்கொண்டு போனேன். ஸ்டோர்ப் பையனின் அம்மா செக்கை வாங்கும்போது போட்டோக்காரர், "கொஞ்சம் நிமிந்து பாருங்கம்மா" என்றார். அவள் நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள். அப்படியே படம் எடுத்துக்கொண்டார்கள்.

அந்த மேடையிலேயே தலைமையாசிரியர் ஒன்றைச் சொன்னார். இந்த நிதியில் ஒரு காசுகூடச் சபைக்கோ, கட்டடத்துக்கோ, ஊழியருக்கோ போகாது, முழுக்கப் பாதிக்கப்பட்டவர்களுக்கே போய்ச் சேரும் என்று நன்கொடை கொடுத்தவர்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறோம் என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். மலையிலிருந்து வந்தவர்களும் தட்டினார்கள். அந்த வாக்கு தங்களையும் கட்டும் என்று அவர்களில் யாருக்கும் தோன்றவில்லை.

அவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கைக்கு எது வந்தாலும் அதில் பத்தில் ஒன்று கடவுளுக்கு. வாரக்கூலி வந்தாலும் சரி, ஆடு விற்றாலும் சரி, சீட்டு விழுந்தாலும் சரி. யாரும் கேட்க மாட்டார்கள், யாரும் நினைவுபடுத்த மாட்டார்கள். சோற்றுக்கு உலை வைப்பதுபோல அது தானாக நடக்கும். செக்குப் பணம் பாங்கிலிருந்து கைக்கு வந்ததும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு வீட்டாரும் ஓர் உறையில் பத்தில் ஒன்றை வைத்துக் காணிக்கைப் பையில் போட்டுவிட்டார்கள். ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டு செய்ததும் இல்லை. உபதேசியார் பையைக் கொட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. வழக்கமாகச் சில்லறை எண்ணுகிற மேசையில் நோட்டுக் கட்டுகள். மாதா மாதம் காணிக்கையைப் போடியில் இருக்கிற பெரிய சபைக்கு அனுப்புவது முறை. அவர் அந்த முறைப்படியே, எது எங்கிருந்து வந்தது என்றும் சொல்லி, அனுப்பி வைத்தார். மறைக்கத் தெரிந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

பேச்சு எங்கே கிளம்பியது என்று தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடையில் என் காதில் விழுந்தது.

"மாப்ளே, கேட்டியா? செத்தவன் காசுலயும் கமிசனாம். பத்துக்கு ஒண்ணு."

"எவன்யா அது?"

"மேல இருக்காருல்ல, உபதேசியாரு. பாத்தா வாயில வெரல வச்சாக் கடிக்கத் தெரியாத ஆளு மாதிரி இருப்பாரு."

நான் கிளாசை வைத்துவிட்டுத் திரும்பினேன். "அவங்களாக் குடுத்தாங்கண்ணே. அது அவங்க வழக்கம்."

"அவங்களாத்தாம்ப்பா குடுப்பாக. கேக்குற வெதமாக் கேட்டா நானும் குடுப்பேன்." கடையே சிரித்தது.

ஒரு வாரத்தில் அந்தச் சிரிப்பு கமிட்டிவரை போய்விட்டது. வெளிநாட்டிலிருந்து யாரோ கேட்டும் எழுதிவிட்டார்கள். உபதேசியாரைக் கூப்பிட்டார்கள். நான் வாசலில் வண்டியோடு நின்றிருந்தேன், ஜன்னல் திறந்திருந்தது. தலைமையாசிரியர் சத்தம் போடவில்லை. "நான் உங்கள நம்புறேன் உபதேசியாரே. ஆனா பணம் அனுப்புனவங்க உங்களப் பாத்ததில்ல. இன்னொரு ஊர்ல இதே மாதிரி ஒண்ணு நடந்தா, போடில குடுத்தோம், என்னாச்சுன்னு கேப்பாங்க. அப்ப யாரு குடுப்பா?" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. பெரிய சபையிலிருந்து உறைகளை அப்படியே திருப்பிக் கொடுத்தார்கள். ஒன்று விடாமல் அந்தந்த வீட்டில் சேர்த்துவிட்டால் விஷயம் முடிந்துபோகும். இல்லாவிட்டால் விசாரணை, விசாரணை முடிகிறவரை உபதேசியார் ஊழியத்தில் இருக்கக் கூடாது என்று முடிவானது.

அந்த உறைகளைத்தான் அன்று மடியில் வைத்துக்கொண்டு மலையேறினார்.

முதல் வீட்டில், தோளில் வெட்டுப்பட்டவர் வாங்கிக்கொண்டார். அடுத்தடுத்த வீடுகளிலும் வாங்கினார்கள், ஆனால் முகம் கொடுக்கவில்லை. தகப்பனையும் அக்காவையும் ஒரே நேரத்தில் பறிகொடுத்த பெண் உறையைக் கையில் வாங்கியபின், "எங்க காசு கோயிலுக்கு ஆகாதாய்யா? ரத்தம் பட்டதுன்னா?" என்று கேட்டாள். உபதேசியார் இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வெளியே வந்து ஒரு ஏலச்செடித் தூரில் உட்கார்ந்துவிட்டார்.

கடைசி வீடு ஸ்டோர்ப் பையனின் அம்மாவுடையது. அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது.

"தோத்திரம்யா. வாங்க. டிரைவர் தம்பியும் உள்ள வாங்க, வெளிய குளிருது."

அவர் உறையைப் பலகைமேல் வைத்தார். "தாயி, இத நீங்க திரும்ப வாங்கிக்கணும்."

"என்னதுய்யா?"

"நீங்க வச்ச காணிக்க."

அவள் பதறிப்போனாள். "ஏன்யா, நோட்டு எதும் கிழிஞ்சிருந்துச்சா? பாங்குல குடுத்தத அப்பிடியேதான வச்சேன்."

அவர் சொன்னார். நன்கொடை, வாக்கு, கமிட்டி எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். அவள் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து உட்கார்ந்து முழுக்கக் கேட்டாள். கேட்டு முடித்து உறையைத் தொடாமலே பேசினாள்.

"மொத சம்பளத்த முழுசாக் கொண்டாந்து உங்க கையில குடுத்தான். ஞாபகம் இருக்காய்யா?"

"இருக்கு தாயி."

"எனக்கு ஒரு சேல எடுத்துக் குடுடான்னேன். அடுத்த மாசம் எடுத்துத் தர்றேம்மா, மொதல்ல சாமிக்குன்னான். சொன்ன மாதிரியே அடுத்த மாசம் எடுத்தான். இந்தா, கட்டியிருக்கேன்." சேலைத் தலைப்பைத் தூக்கிக் காட்டினாள். "இது அவன் கடைசிச் சம்பளம்யா. உசுரோட இருந்தா இம்புட்டுப் பெரிய சம்பளம் எந்தக் காலத்துல வாங்கியிருப்பான்? அதுல அவன் பங்கக் குடுக்காமப் போனான்னு ஆக்கிறாதீங்க."

எனக்கு நாக்கு துறுதுறுத்தது. வாங்காவிட்டால் இவருக்கு வேலை போய்விடும் என்று சொல்ல வாயெடுத்தேன். உபதேசியார் என்னை ஒரு பார்வை பார்த்தார். அவர் உறையை எடுத்துப் பைக்குள் வைத்தார். அவள் கொடுத்த கஞ்சியைக் குடித்துவிட்டுக் கிளம்பினோம்.

வண்டியில் ஏறியதும் கேட்டேன். "ஏன்யா சொல்லல?"

"சொன்னா வாங்கிக்குவா. எனக்காக வாங்கிக்குவா. அப்புறம் அவ மகன் குடுத்தது என்னாகுறது?" கொஞ்ச தூரம் போனபின் தானாகவே சொன்னார். "அன்னைக்கு எல்லாரும் கண்ண மூடுங்கன்னு சொன்னது நாந்தான், டிரைவரே. இன்னும் என்னத்தச் சொல்லச் சொல்றீங்க?"

தலைமையாசிரியர் அவருக்கு ஒரு வழி காட்டினார். அதையும் நான் ஜன்னல் வழியாகக் கேட்டேன். "அந்தம்மா வாங்கிட்டாங்கன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, போதும். உறைய எங்கிட்டக் குடுங்க. ஆறு மாசம் கழிச்சு வேற ஏதாவது பேரச் சொல்லி நானே கொண்டுபோய்ச் சேக்குறேன்." இரக்கப்பட்டுத்தான் சொன்னார். குரலிலேயே தெரிந்தது. உபதேசியார், "அவன் குடுத்தான், ஐயா. குடுக்கலைன்னு நான் எப்பிடிச் சொல்லுவேன்?" என்றார். உறையை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தார்.

அவருடைய கடைசி ஞாயிற்றுக்கிழமை நான் கோயில் வாசலில் நின்றிருந்தேன். அவருடைய சாமான்களை ஏற்ற வந்திருந்தேன். இரண்டு பெட்டி, ஒரு பாய், ஒரு ஸ்டவ். விசாரணை முடிகிறவரை காணிக்கை எடுக்கக் கூடாது என்று பெரிய சபை சொல்லியிருந்தது. ஆனாலும் காணிக்கைப் பாட்டு வந்ததும் பழக்கத்தில் எழுந்து நின்று பாடினார்கள். பை வரவில்லை. பாட்டு முடிந்துவிட்டது. ஆண்களும் பெண்களும் கையில் சில்லறையை வைத்துக்கொண்டு நின்றார்கள். உட்காரவும் தெரியவில்லை, காசை என்ன செய்வது என்றும் தெரியவில்லை. ஒரு சின்னப் பிள்ளை கையிலிருந்து ஒரு காசு தரையில் விழுந்து உருண்டது. யாரும் குனிந்து எடுக்கவில்லை.

விசாரணை என்று ஒன்று நடக்கவே இல்லை. அவர் தப்புச் செய்தார் என்றும் யாரும் சொல்லவில்லை, செய்யவில்லை என்றும் யாரும் சொல்லவில்லை. கமிட்டி கலைந்தது. சில வருடங்களில் தலைமையாசிரியரும் காலமானார். அந்த உறை எங்கே போனது என்று எனக்குத் தெரியாது. நானும் வழக்கம்போலக் கிளம்பிவிட்டேன். இந்தத் தடவை பெரும்பாவூர், அப்புறம் மங்களூர்.

இந்த வருடம்தான் மதுரையிலிருந்து ரயிலில் வந்து போடியில் இறங்கினேன். முன்பு நான் வேலை பார்த்தபோது இங்கே ரயில் இல்லை. ஜீப்பு மட்டும் அப்படியே இருந்தது. ஓட்ட ஆளும் தேடிக்கொண்டிருந்தார்கள். மலையில் அந்தத் தகரக் கொட்டகை இல்லை. அந்த இடத்தில் டைல்ஸ் போட்ட கோயில். காணிக்கைப் பை மறுபடி வரவில்லை. வாசலில் பூட்டுப் போட்ட பெட்டி ஒன்று, பக்கத்தில் போனில் பணம் அனுப்புவதற்குக் கட்டம் கட்டமாக அச்சடித்த அட்டை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எல்லாரையும் இறக்கிவிட்டபின் ஒரு பெண் மட்டும் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தாள். ஸ்டோர்ப் பையனின் அம்மா, மலையிலிருந்து கூடவே இறங்கி வந்திருந்தாள். முடி முழுக்க நரைத்திருந்தது.

"தம்பி, உபதேசியாரு இருக்கிற எடம் தெரியுமா?"

தெரியும். வந்ததுமே விசாரித்து வைத்திருந்தேன். தேவாரத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் ஒரு தென்னந்தோப்புக்குக் காவல் இருந்தார். யானை வந்தால் தகரத்தைத் தட்டி விரட்டுகிற வேலை.

"என்னாலதான் அவருக்கு வேல போச்சுன்னு போன வருசந்தான் ஒருத்தி சொன்னா. இம்புட்டு நாளா எங்கிட்ட யாருமே சொல்லலையே தம்பி." அவள் அழவில்லை. "வெரசாப் போ. இருட்டுறதுக்குள்ள போய்ச் சேரணும்."

அவர் தோப்பு வாசலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். மெலிந்துபோயிருந்தார். எங்களைப் பார்த்ததும் குடத்தை வைத்துவிட்டு, "வாங்க டிரைவரே. இப்ப நான் வேல பாக்குறது யானைகிட்ட. அது பத்துல ஒண்ணெல்லாம் கேக்காது, பத்துல நாலு மரம் எடுத்துக்கும்" என்றார். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. மடியிலிருந்து துணி முடிச்சு ஒன்றை அவிழ்த்து, வாசலில் கிடந்த அவர் கட்டில்மேல் வைத்தாள். ஐம்பதும் நூறுமாகச் சுருட்டிய நோட்டுகள்.

"என்ன தாயி இது?"

"நீங்க போனதுலருந்து எங்கூலியில எடுத்து வச்சது. பெட்டியில போட மனசு வரலைய்யா. யாருகிட்டக் குடுக்குறதுன்னும் தெரியல."

அவர் கட்டிலை விட்டு இரண்டு அடி தள்ளி நின்றார். "இத நான் தொட்டா, அன்னைக்கு அவங்க சொன்னது நெசமாயிரும் தாயி."

"ஆகட்டும்யா. பத்துல ஒண்ணு ஊழியம் செஞ்சவருக்குன்னு நீங்கதான வாசிப்பீங்க. எம்பிள்ள தலைய மடியில வச்சுக்கிட்டு மலையிறங்குனது யாரு? கமிட்டியா? பேசுறவக பேசிட்டுப் போகட்டும். நீங்க எடுக்கலைன்னா எனக்குக் குடுக்குறதுக்கு வேற எடமில்ல."

அவர் வந்து கட்டிலில் உட்கார்ந்தார். இரண்டு கைகளாலும் அந்த முடிச்சை எடுத்தார். ஜெபம் எதுவும் சொல்லவில்லை. ஒரு நோட்டை உருவி, சுருக்கத்தைத் தொடையில் வைத்து நீவி, என்னிடம் நீட்டினார்.

"டிரைவரே, பாலும் சீனியும் வாங்கிட்டு வாங்க. தாயி டீ குடிச்சிட்டுப் போகட்டும்."

ரோட்டோரக் கடைவரை நடந்து போனேன். கடைக்காரர் நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், கல்லாவில் போட்டார், மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தார்.